மனசாட்சிக்கு யார் விலை கொடுப்பது?

"என் பிள்ளைக்கு ஊசி போடுவதும் போடாததும் என் இஷ்டம். அதைக் கேட்கப் பள்ளிக்கூடம் யார்?" 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி வாசல்களில் இந்தக் கேள்வி எழுந்தது. அந்த மாதம் 6ஆம் தேதி தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியிருந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் ஒரு ஊசி என்பது திட்டம். ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும், ஆட்டிசம் வரும், இது வெளிநாட்டுச் சதி என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. பல பெற்றோர் முகாம் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த வதந்திகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஆனால் "என் இஷ்டம்" என்ற அந்த ஒரு வார்த்தை ஓயவில்லை. வதந்தியை நம்பாதவர்களும், தம் பிள்ளைக்குத் தவறாமல் ஊசி போடுகிறவர்களும்கூட அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். "நாங்கள் போட்டுவிட்டோம். போடாதவர்கள் விஷயம் அவர்களோடு, அவரவர் மனசாட்சி" என்று பெருந்தன்மையோடு சொல்கிறார்கள். இந்தப் பெருந்தன்மை தவறானது. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டிலும் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒருபோல வேரூன்றிவிட்ட இந்த நம்பிக்கையை எதிர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் வீடுகளில் மணல்வாரி என்று சொல்கிற தட்டம்மை, மனிதர்க்கு மனிதர் தொற்றும் நோய்களிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. பாதுகாப்பே இல்லாத ஊரில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்ளக்கூடும். இருமிய பிள்ளை எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை உயிரோடிருக்கும். முதலில் காய்ச்சல், மூக்கு ஒழுகல், சிவந்த கண். காதுக்குப் பின்னாலும் நெற்றி மேட்டிலும் சிவப்புத் தடிப்பு தெரிய இன்னும் சில நாள் ஆகும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளை நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். அந்த நான்கு நாளும் அது சாதாரண ஜலதோஷம் பிடித்த பிள்ளையாகப் பள்ளிக்கு வரும், சத்துணவுக்கு வரிசையில் நிற்கும், பக்கத்துப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும்.

இந்த நோய் ஊருக்குள் ஓடாமல் நிற்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். 400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 380 பேருக்குப் பாதுகாப்பு வேண்டும். பாதுகாப்பின்றி இருக்கத்தக்கவர் இருபது பேர்தான். இரண்டு தவணை போட்டாலும் நூற்றில் ஏறத்தாழ மூன்று பேருக்கு ஊசி பிடிப்பதில்லை. அதில் பன்னிரண்டு இடம் போய்விட்டது. மிச்சம் எட்டு. அந்த எட்டு இடமும் யாருக்கு உரியவை?

காஞ்சிபுரத்தை ஒட்டிய காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தட்டம்மை ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. எதிர்ப்பாற்றல் அடியோடு குறைந்த உடம்பு அதையும் தாங்காது. முடி கொட்டிய தலையில் தொப்பியோடு வகுப்புக்குத் திரும்பும் அந்தப் பிள்ளைக்குச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் ஊசிதான் பாதுகாப்பு. அந்த எட்டு இடம் அந்தப் பிள்ளைக்கும், மருந்து ஒவ்வாமையால் மருத்துவரே வேண்டாமென்று சொன்ன பிள்ளைக்கும் உரியவை. "எனக்கு மனமில்லை" என்று சொல்லி ஒருவர் அதில் போய் உட்காரும்போது, எழுந்து நிற்க வேண்டியவர் அந்த நோயாளிப் பிள்ளைதான்.

ருபெல்லாவின் கணக்கு இன்னும் கொடுமையானது. அது பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, முடிந்தது. வீட்டில் கவனிக்காமலே போய்விடலாம். அதே வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியை கருவுற்று இரண்டு மாதம் ஆகியிருந்து, அவருக்குத் தொற்றினால், வயிற்றிலிருக்கும் சிசுவின் கண்ணில் புரை விழலாம், காது கேளாமல் போகலாம், இதயத்தில் கோளாறு வரலாம். இந்தத் தொடர்பை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், பிறக்கும்போதே புரையோடு வரும் பச்சைக் குழந்தைகளில் ருபெல்லாவின் பங்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஊசி மறுத்த வீட்டுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. முழு நஷ்டமும் இன்னும் பிறக்காத, வேறொரு வீட்டுக் குழந்தைக்கு. இதை எப்படி "என் வீட்டு விஷயம்" என்பது?

"இதெல்லாம் இங்கிலீஷ் மருத்துவம் வந்தபின் வந்த பேச்சு, நம் முன்னோர் அம்மையை அம்மனாகத்தான் பார்த்தார்கள்" என்பாரும் உண்டு. முன்னோர் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்த வீட்டார் விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். மற்றவர் அந்த வாசல்படி மிதிக்கமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வெளியே வராது. தன் வீட்டு நோய் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்ற பொறுப்பு அந்த வழக்கத்துக்குள் இருந்தது. தடிப்பு தெரியுமுன்பே பரவும் நோய்க்கு வாசல் வேப்பிலை நான்கு நாள் தாமதம் என்பதுதான் அதன் குறை. அந்தக் குறையை ஊசி தீர்க்கிறது. அம்மனை வணங்குகிறவர் ஊசியை மறுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அந்த வழக்கத்தின் உள்நோக்கத்தை மதிப்பவர் ஊசியைத்தான் தேடிப் போவார்.

இந்த மண் பொதுக்காரியத்துக்குப் புதிதல்ல. காஞ்சிக்கு அருகே உள்ள கூரத்தில் கிடைத்த பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேடு, ஊருக்கு ஏரி வெட்டியதையும் பாலாற்றிலிருந்து அதற்குக் கால்வாய் கொண்டுவந்ததையும் பேசுகிறது. அப்படிப்பட்ட ஏரிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது குடிமராமத்து. கரை உடையுமுன் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். அந்த முறை நலிந்தபோது 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். ஆள் அனுப்பாத வீட்டின் வயலுக்கும் ஏரித் தண்ணீர் பாயும்; கரை உடைந்தால் ஆள் அனுப்பியவன் வயலும் சேர்ந்தே மூழ்கும். ஊர் எதிர்ப்பாற்றலும் அப்படி எல்லாரும் சேர்ந்து கட்டிய கரை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் குத்திக்கொண்ட ஊசியின் நிழலில் தன் பிள்ளையை நோயின்றி வளர்த்துக்கொண்டு, "பார், ஊசி இல்லாமலே நன்றாக இருக்கிறான்" என்று சொல்வது நியாயமில்லை.

மனசாட்சியின் பெயரால் விலக்கு கேட்பது நம் ஊரில் தொடங்கிய வழக்கமன்று. இங்கிலாந்தில் 1853இல் பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயமானது. அபராதம், ஜப்தி, அதை எதிர்த்து லெஸ்டர் நகரில் பெரும் ஊர்வலம் என்று நாற்பது ஆண்டு போராட்டம் நடந்தது. 1898இல் மனசாட்சி விலக்கு சட்டமாயிற்று; அந்த ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விலக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2003இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே விலக்கைக் கொடுத்தது. ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். 2023-24இல் அங்குள்ள கெய்ன்ஸ் மாவட்டத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் விலக்குப் பெற்றிருந்தார்கள். 2025 ஜனவரியில் அங்கே தட்டம்மை கிளம்பியது. ஆகஸ்டில் ஓய்ந்தபோது மாநிலக் கணக்கில் 762 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பள்ளி செல்லும் வயதில், ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்திருந்தார்கள். அமெரிக்கா 2000இலேயே ஒழித்துவிட்டதாக அறிவித்த நோய் அது.

நம் நாட்டுக்கு இது தொலைதூரக் கதையன்று. 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் ஊசி போடாத பிள்ளைகளிடையே தொண்டை அடைப்பான் திரும்ப வந்து உயிரைக் குடித்தது. 2022இல் மும்பை கோவண்டியின் நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள்.

மனசாட்சி என்றால் என்னவென்று கூரத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது: இராமானுசரைச் சோழன் அரசவைக்கு அழைத்தபோது, குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு கூரத்தாழ்வான் போய் நின்றார். தன் நம்பிக்கைக்கு மாறாகக் கையெழுத்திட மறுத்தார். அதற்கு விலையாகத் தன் இரு கண்களையும் கொடுத்தார். பின்னாளில் காஞ்சி வரதரிடம் போய்க் கண்ணைக் கேள் என்று குருவே சொன்னபோதும், தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டுமென்றுதான் கேட்டார். அந்த மனசாட்சி அடுத்தவனைக் காப்பாற்றத் தன் கண்ணைத் தந்தது. தன் மனசாட்சிக்காக அடுத்த வீட்டுச் சிசுவின் கண்ணைப் பணயம் வைப்பதற்கும் அதே பெயரைச் சூட்டுவது, அந்தப் பெயருக்கே இழுக்கு.

பயப்படுகிற பெற்றோரை நான் ஏசவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்திருக்கிறது. 2008 ஏப்ரலில், பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மாரின் துக்கத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதிலாகாது. அதன் பிறகுதான் மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தே ஊசி என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் வந்தது. விபத்தை மறைக்கக்கூடாது, அதிலிருந்து முறையைத் திருத்த வேண்டும். பெற்றோரும் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். தட்டம்மை மருந்து பொடியாக வரும். அதற்கென்று வரும் நீரில் கரைத்த பின் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே நர்சம்மா எழுதியிருப்பார். அந்த நேரத்தைக் கேளுங்கள். பிரிக்காத புது சிரிஞ்சை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பயத்துக்கு மருந்து இந்த விழிப்புதான். பிள்ளையை வீட்டில் ஒளித்துவைப்பதால் பயம் தீராது.

மலட்டுத்தன்மை என்ற வதந்திக்கு நம் தெருவே பதில் சொல்லும். தட்டம்மை ஊசி 1985இலிருந்து இந்திய அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகள்தான் இன்று பள்ளி வாசலில் தம் பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கும் அப்பா, அம்மா. ஆட்டிசம் என்ற வதந்தி, 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு லான்செட் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்விலும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

சட்டத்தைக் காட்டுவோர் உண்டு. பெற்றோரின் சம்மதம் கேட்காமல் பள்ளியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடக்கூடாது என்று 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடவைக்க முடியாது என்று 2022 மே 2இல் உச்ச நீதிமன்றம் கொரோனா வழக்கில் சொன்னது. இரண்டையும் முழு மனதோடு ஏற்கிறேன். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக் குத்தும் அரசு எனக்கும் வேண்டாம். ஆனால் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சமூகத்தின் ஆரோக்கியத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. சம்மதம் கேட்க வேண்டும் என்பது அரசுக்கு விதித்த கடமை. மறுத்தால் அதில் தவறேதும் இல்லை என்று எந்த நீதிமன்றமும் சான்று கொடுக்கவில்லை. போலீஸ் வராத காரியமெல்லாம் நியாயமான காரியம் ஆகிவிடாது.

அரசும் பள்ளிகளும் தம் பங்கை ஒழுங்காகச் செய்யவேண்டும். இரண்டு வரிச் சுற்றறிக்கையை டைரியில் ஒட்டி அனுப்பிவிட்டு மறுநாள் கையெழுத்து கேட்பது சம்மதம் வாங்குவதாகாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை வரவழைத்து, நோய் என்ன, ஊசி என்ன, எந்தப் பிள்ளைக்குப் போடக்கூடாது என்று தமிழில், நிதானமாக, கேள்வி கேட்கவிட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் மற்ற பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் எழுந்து "அது என் இஷ்டம்" என்று சொன்னால், சங்கடப்பட்டுத் தலை குனியாதீர்கள். மரியாதையோடு, ஆனால் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்: "அண்ணா, உங்கள் பிள்ளைக்கு டாக்டர் போடக்கூடாதென்று சொன்னாரா? சொல்லியிருந்தால் உங்கள் பிள்ளையைக் காப்பது எங்கள் பொறுப்பு. சொல்லவில்லையென்றால், எங்கள் பிள்ளைகளைக் காப்பதில் உங்கள் பங்கு எங்கே?" ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று, இரண்டு ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம். தவறியிருந்தால் இப்போதும் போடலாம். இந்த வாரமே பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் காலியாகக் கிடக்கும் கட்டத்துக்கு உங்கள் வீடு மட்டும் சொந்தமில்லை.