தாய்மார் பக்கம்: வெயிலும் விடியற்கால மாத்திரையும்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் நமக்கு வேண்டாம். ஐந்து மாதக் கர்ப்பிணி. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. எச்.ஐ.வி. இருப்பது அவருக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியுமாம். "இடுப்பும் காலும் ஓயாமல் வலிக்கின்றன. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாம். எச்.ஐ.வி. மாத்திரைதான் அதைக் குறைக்கிறது என்கிறார்கள். பிரசவம் வரை அதை நிறுத்திவிட்டு வைட்டமினை மட்டும் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். சிகிச்சையே இல்லாவிட்டால் இத்தகைய தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை நோய் தொற்றும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

உங்களுக்குச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. முன்பு பரவலாகத் தந்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்து வைட்டமின் டியை உடலில் சீக்கிரம் சிதைத்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் டோலுடெக்ராவிருக்கு அந்தக் குணம் இல்லை. அதோடு சேர்ந்து வரும் டெனோஃபோவிர் எலும்பின் கனத்தைச் சற்றுக் குறைக்கும். ஆகவே கால்சியத்தை விடலாகாது.

சேலத்து வெயிலில் இருந்துகொண்டு வைட்டமின் டிக்குப் பஞ்சமா என்று சிரிக்காதீர்கள். வெயில் நேராகத் தோலில் பட்டால்தான் அது உண்டாகும். பட்டறைக்குள்ளும் லீ பஜார் மண்டிக்குள்ளும் பகலைக் கழிப்பவர்களுக்கு வெயிலின் புழுக்கம்தான் மிச்சம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை. நாம் புகழும் காலை இளவெயிலிலும் சரக்குக் குறைவு. திருப்பதியில் ஆராய்ந்தவர்கள் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரையே ஏற்ற நேரம் என்று கண்டார்கள். மாடியில் வற்றலைத் திருப்பிப் போடும் சிறிது நேரம் கையில் வெயில் பட்டாலும் நல்லதே. தலை சுற்றும்வரை நிற்க வேண்டாம்.

இந்த வைட்டமின் குழந்தையைக் காக்குமா? டான்சானியாவில், வைட்டமின் டி குறைந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு நோய் அதிகம் தொற்றியதாக 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் ஆசை பிறந்தது. பிறகு அந்நாட்டு தார் எஸ் சலாம் நகரில், எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டு வந்த 2,300 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குத் தினம் 3,000 யூனிட் வைட்டமினும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: தாயின் நோய் முற்றுவதிலோ, குழந்தை சிறுத்துப் பிறப்பதிலோ வித்தியாசம் இல்லை. குறைவிருந்தால் டாக்டர் சொல்லும் அளவு சாப்பிடுங்கள், எலும்புக்கு நல்லது. கடையில் விற்கும் 60,000 யூனிட் பொட்டலங்களை நீங்களாக வாங்கி அடுக்காதீர்கள்; மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "மாமியார் எழுந்திருக்குமுன் எல்லா மாத்திரையையும் வெறும் வயிற்றில் ஒரே வாயாக விழுங்கிவிடுகிறேன்." அங்கேதான் ஆபத்து! ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குத் தரும் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டியும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை வேறு. வெறும் வயிற்றில் இவை டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்தோடு சேர்ந்தால் பாதி மருந்துகூட ரத்தத்தில் சேராது.

விடியற்காலையில் எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, காலைப் பலகாரத்துக்குப் பின் ஒரு கால்சியம். மதியம் சாப்பிட்ட பிறகு இரும்புச்சத்து. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டுடன் இரண்டாவது கால்சியம். மறுநாள் விடியலுக்குள் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போட வேண்டாம். இந்த ஏற்பாட்டை உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒருமுறை சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பு வலியையும் அங்கே சொல்லுங்கள். உங்கள் ரகசியத்தை அவர்கள் வெளியிடக் கூடாது. 2017-ம் வருஷச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

குழந்தை பிறந்ததும் சொட்டு மருந்து தருவார்கள். ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை. அது முடிந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பெயர் எழுத வேண்டாம், "கொலுசுக்காரி" என்றால் போதும், புரிந்துகொள்வேன்.