ஓர் இராத் தங்கலின் கணக்கு

உன்னிச்சையில் எமது பெண்கள் குழுக் கூட்டம். கடன் கணக்கு முடிந்ததும் இன்னொரு கணக்குத் தொடங்கியது. ஐந்து பெண்கள் சீட்டுப் பிடித்து 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போகவேண்டும்.

பிள்ளைகள் கேட்டது கொழும்புப் பக்கத்து நீர்ச்சறுக்குப் பூங்காவை. 300 கிலோமீற்றருக்கு மேல், இரண்டு இரவுத் தங்கல், ஆளுக்கு ஆள் ரிக்கற். அது உடனேயே கைவிடப்பட்டது. திருகோணமலை என்று முடிவாயிற்று. கோணேசர் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல். முன்னர் கரையோரமாகப் போனால் ஆற்றுக்கு ஆறு பாதையில் ஏறிக் கடக்கவேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும், பின்னர் மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது மட்டக்களப்பிலிருந்து 130 கிலோமீற்றர்தான்.

"விடியப் போய் இரவைக்கு வந்திரலாம், றூம் காசு மிச்சம்" என்றார் ஒருவர். எனக்கும் சரியாகவே பட்டது. மற்றவர்கள்தான் திருத்தினார்கள். பொழுதுபட்டால் உன்னிச்சைத் தெருவில் யானை. ஆறு மணிக்கு வீடு வருவதென்றால் அங்கே இரண்டு மணிக்கே வெளிக்கிட வேண்டும். பிள்ளைகள் கடலில் இறங்க நேரமேது?

சரி, ஓர் இரவு தங்குவது. வான்காரர் போய்வர 320 கிலோமீற்றர் என்றார், கிலோமீற்றருக்கு 150 ரூபாய். 48,000. இரவு நிற்பதற்கு 3,000. சாரதியின் சாப்பாடு, படுக்கை, நிறுத்துமிடக் காசு எல்லாம் எங்கள் தலையில். விடுதியில் மூன்று அறை 18,000. சாப்பாட்டுக்கு முன்னரே 69,000!

பிரான்சில் தம்பி இருக்கிற அக்கா சிரித்தார். "டிஸ்னிலாந்துக்குப் போகக்குள்ள அவன் காரை வீட்டில விட்டுட்டு ரெயின்லதான் போறானாம். நிறுத்தக் காசாம். ரெயின் வாசலுக்கே போகுமாம். நமக்கென்ன வான்?" ஆகவே பஸ். வான் கூலியோடு நிறுத்தக் காசும் போயிற்று.

தோழிகளே, அறைக்குப் பேசும்போது வாடகை அறைக்கா ஆளுக்கா என்று கேளுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்லுங்கள். போனபிறகு தர்க்கப்படுவது கஷ்டம்.

ஆனால் காசோடு கணக்கு முடியவில்லை. "புருசன் இல்லாத பொம்புளையள் விடுதியில தங்கினா ஊர் என்ன சொல்லும்?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். கொப்பியில் அதை எழுதுவதற்கு நிரல் இல்லை. இன்னொருவர், "2007 இல முகாமில படுத்த படுக்கை போதும், எனக்கு இனி வெளியில தங்கல் வேணாம்" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய, கூட்டங்களில் அதிகம் பேசாத ஒருவர் முந்திக்கொண்டார்.

"அங்க நமக்குக் கதவே இல்லியே அக்கா. இது பூட்டிற அறை. காசு குடுத்துப் படுக்கிறம். ஊர் சொல்றதச் சொல்லட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், றூம் திறப்பு என்னட்டத்தான் இருக்கணும். எழுதி வையுங்க."

எழுதினேன்.