சுமையைச் சுமப்பவர் யார்?



கருவேப்பிலங்குறிச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நூறு நாள் வேலைக்காகப் பெண்கள் கூடி நிற்கும் காட்சி நமக்குப் பழக்கமானதே. மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வரிசையாக நின்று, பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு முகம் காட்ட வேண்டும். பிற்பகலில் மீண்டும் ஒருமுறை காட்ட வேண்டும். இரு படங்களும் இடமும் நேரமும் குறிக்கப்பட்டு அரசின் செயலியில் ஏறினால்தான் அன்றைய உழைப்பு, உழைப்பு எனக் கணக்கில் சேரும்.

2021 மே மாதம் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இந்தச் செயலி, 2023 சனவரி 1 முதல் தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. போலி வருகைப் பதிவைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆயினும் அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும், கைப்பேசி பழுதான நாளிலும், வேலைக்கு வந்தவர் வராதவராகிவிடும் நிலை உருவாயிற்று. அத்தகைய விதிவிலக்கான நாள்களில் கையால் வருகை பதிய ஒப்புதல் தரும் அதிகாரம் மாவட்ட அளவில் வைக்கப்பட்டது. வெயிலில் குனிந்து மண் அள்ளிய மூதாட்டிக்கும் அந்த அதிகாரிக்கும் இடையே எத்தனை மேசைகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். 2023ஆம் ஆண்டு பல மாநிலத் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் அமர்ந்து முறையிட்ட குறைகளுள் இதுவும் ஒன்று.

முறைகேடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. பணிக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றியவையும் காணப்படுவதாக 2025 சூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விடுத்தது. ஏற்றப்படும் படங்களை இனி அலுவலர்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஏமாற்ற நினைத்தவருக்கு வழி கிடைத்தது. நேர்மையாய் உழைத்தவருக்கோ கூலி குறித்த அச்சமே எஞ்சியது.

இது செயற்கை நுண்ணறிவுகூட அன்று. எளிய ஒரு புகைப்படச் செயலி. 2025 டிசம்பரில் பழைய சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 125 நாள் வேலைச் சட்டமோ, திட்டமிடலிலும் முறைகேடு கண்டறிதலிலும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த இடமளிக்கிறது. அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் இதே மாற்றம் விரைந்து வருகிறது. யாரை வேலைக்கு எடுப்பது, யாருடைய வேகம் குறைவு, யாரை விடுவிப்பது என்பவற்றையெல்லாம் கணினி பரிந்துரைக்கும் காலம் இது. இந்நிலையில் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றே: இயந்திரம் தவறிழைத்தால் அந்தச் சுமையைச் சுமப்பவர் யார்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். இரவில் நகர்வலம் சென்ற அவர்கள், பசியால் அழும் பிள்ளைகளை உறங்கவைக்க வெறும் நீரை அடுப்பில் கொதிக்கவைத்திருந்த தாய் ஒருத்தியைக் கண்டார்கள். உடனே திரும்பிச் சென்று மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். உடனிருந்த பணியாளர் தாம் சுமப்பதாகச் சொன்னபோது, மறுமை நாளில் தமது சுமையையும் அவரால் சுமக்க இயலுமா என்று கேட்டு மறுத்துவிட்டார்கள்.

உமர் (ரலி) அவர்களிடம் பணியாளர்கள் இல்லாமலில்லை. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதே அவர்கள் காட்டிய பாடம். பணியாளர் இருந்த இடத்தில் இன்று கணினி நிற்கிறது. கணக்கிடும் வேலையை அதனிடம் கொடுக்கலாம். ஆனால், அமானத்தாக நம்மிடம் தரப்பட்ட மனிதர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அதனிடம் இறக்கிவைக்க இயலாது. ‘கணினி அப்படிச் சொன்னது’ என்பது ஓர் அதிகாரியிடம் செல்லுபடியாகலாம், அல்லாஹ்விடம் ஆகாது.

புதுமையை அஞ்சி ஒதுங்கச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் உத்தியைச் சல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் முன்மொழிந்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த அந்த முறை அரபு மக்களுக்குப் புதியது. நபி (ஸல்) அவர்கள் தயங்காமல் அதை ஏற்றார்கள். ஏற்றதோடு நில்லாமல், தோழர்களோடு தாமும் பசித்திருந்து, தம் மேனியில் புழுதி படிய மண் சுமந்தார்கள். புதிய முறையைக் கொண்டுவரும் தலைவர், அதன் பாரத்தை முதலில் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார். கித்மத் என்று நாம் சொல்வதும் இதைத்தான். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற இராபர்ட் கிரீன்லீஃப், தலைவர் என்பவர் முதலில் பணிவிடை செய்பவராக இருக்க வேண்டும் என்னும் கருத்தை 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் எழுதினார். இன்று மேலாண்மைக் கல்லூரிகள் அதைப் பாடமாக வைக்கின்றன. நமக்கோ அது அகழின் கரையிலேயே கற்பிக்கப்பட்டுவிட்டது.

இப்பாடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் எச்சரிக்கை. அங்கே அஞ்சல் கிளைகளின் கணக்குகளைக் கவனிக்க 1999ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணினி முறை புகுத்தப்பட்டது. அதன் பிழையால் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியபோது, நிர்வாகம் கணினியை நம்பியது. பல்லாண்டு உழைத்த கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்களை நம்பவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்கள் பலர், வேறு எவருக்கும் இக்குறை இல்லை என்ற பதிலே தமக்குக் கிடைத்ததாகப் பின்னர் சாட்சியம் அளித்தனர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். அம்முறையில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் கூறியது 2019ஆம் ஆண்டில்தான். தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஒரு கணினியின் பிழை பெருங்கொடுமையாக வளர்ந்ததற்குக் காரணம், கீழே உள்ளவரின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் தலைமை அங்கு இல்லாமற்போனதே.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களை எண்ணிப் பாருங்கள். பொம்மைகளும் மின்சாதனப் பீங்கான்களும் செய்யும் அக்கூடங்களில், சூளையிலிருந்து வந்த பொருளைத் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டே விரிசலைச் சொல்லும் கைகள் உண்டு. நாளை அவ்விடத்தில் ஒரு கேமரா வரலாம். பெரிய ஓட்டுத் தொழிற்சாலைகளில் அது முன்னரே வந்துவிட்டது. கேமரா கழித்த பொருளுக்குக் கூலி பிடிக்கப்படுமானால், ‘இது நல்ல பொருள்’ என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு இடம் இருக்குமா? அவளது செவியறிவை இயந்திரத்திற்குக் கற்பிக்க எடுத்துக்கொண்ட பின், அவளுக்கு என்ன கொடுக்கப்படும்? முதலாளியாக இருப்பவர் கேமராவை வாங்கும் முன்பே விடைகாண வேண்டிய வினாக்கள் இவை.

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, நேர்மை ஆகியவை அதன் அளவுகோல்களில் அடங்கும். கொள்கை தாளில் இருக்கிறது. அதைத் தளத்திற்குக் கொண்டுவருவது தலைமையின் வேலை. நம்மில் கடை நடத்துவோரும், தொழில் நடத்துவோரும், சென்னையிலும் வளைகுடாவிலும் அலுவலகப் பொறுப்பில் இருப்போரும் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, கண்காணிக்கும் கருவியைப் பொருத்தும் முன் பணியாளர்களை அழைத்து ஆலோசியுங்கள். ஷூரா என்பது பள்ளிவாசல் நிர்வாகத்திற்கு மட்டும் உரியதன்று. இரண்டாவதாக, அந்தக் கருவிக்கு உங்களையே முதலில் உட்படுத்திப் பாருங்கள். உங்கள் நேரத்தையும் அது அளக்கட்டும். மூன்றாவதாக, இயந்திரத்தின் முடிவை எதிர்த்து முறையிட, பெயரும் முகமும் அதிகாரமும் உள்ள ஒரு மனிதரை அமர்த்துங்கள். முறையீடு தீரும்வரை கூலியை நிறுத்தாதீர்கள். நான்காவதாக, இயந்திரத்தால் வேலை இழப்பவருக்கு வேறு வேலையைக் கற்றுக்கொடுப்பதை அந்த இயந்திரத்தின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நீங்கள் எழுதும் ஒரு வரியால், நீங்கள் என்றும் காணப்போகாத ஒருத்தியின் ஒருநாள் கூலி நிற்கலாம். சமிக்ஞை இல்லாவிட்டால் என்ன செய்வது, முகம் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்கும் முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும். அக்கேள்வியால் பதவி உயர்வு தாமதமானாலும், அது வீணாகிவிடாது.

நம் ஜமாஅத்துகளும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. ஜகாத்திற்கும் பைத்துல்மால் உதவிக்கும் விண்ணப்பங்களைக் கைப்பேசி வழியே பெறும் வழக்கம் பெருகிவருகிறது. வசதிதான். ஆனால், கைப்பேசி இல்லாத விதவையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அவளது வாசலுக்கு நடந்து செல்லும் கால்கள் நமக்கு இன்னும் வேண்டும். உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் கண்டது பதிவேட்டில் அன்று; இருளில் நடந்து சென்றபோதுதான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் சுமையை நம் தோளிலேயே சுமக்கும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.