புகாருக்குச் செல்வோர் எதைக் காண்கின்றனர்?

விடுமுறை நெருங்கினால் பள்ளிகள்தொறும் பேருந்து அமர்த்தப்படும். பூம்புகார் என்றெழுதிய துணி அதன் நெற்றியில் கட்டப்படும். பிள்ளைகள் கடற்கரையில் இறங்குவர்; அலையில் கால் நனைப்பர்; சுண்டல் தின்பர்; 1973-இல் எழுப்பப்பெற்ற ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றுவர்; படம் எடுத்துக்கொள்வர். பொழுது சாய்ந்ததும் "புகாரைப் பார்த்துவிட்டோம்" என்று திரும்புவர். எதைப் பார்த்தீர்கள் ஐயா?

கலைக்கூடத்தை யான் பழிக்கவில்லை. கண்ணகியின் வரலாற்றைக் கல்லிலே காட்டியது நற்பணியே. ஆயினும் அது நம் காலத்தார் எழுப்பிய நினைவுச் சின்னம். பழம்புகாரோ அருகிலுள்ள சிற்றூர்களின் மண்ணடியில் கிடக்கிறது. 1960-களில் நடுவணரசின் தொல்லியல் துறையினர் கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதியும் உடன் கிடைத்தது. அம்மரத்தைக் கரிமக் கணிப்பால் ஆய்ந்தோர், ஏறத்தாழக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினது என்றனர். வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கம். பல்லவனீச்சரத்தில் புத்தப் பள்ளி. இவற்றைக் காட்டாமல் பிள்ளைகளை மீட்டழைத்து வருவது, விருந்துக்கு அழைத்து வாசலோடு அனுப்புவது போன்றதன்றோ? (புகார்த் துறைக்குப் பதினையாயிரம் ஆண்டு அகவை என்று பேசுவாரும் உளர். அகழ்ந்து காட்டிய துறையே நமக்குப் போதும். மிகையுரை பகைவர் கையில் நாமே கொடுக்கும் கோல்.)

இனி அங்காடிக்கு வருவோம். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரச்சோலை நிழலில், பகலில் கூடியது நாளங்காடி. இரவில் விளங்கியது அல்லங்காடி. கடல்வழி வந்த குதிரையும், வண்டியில் வந்த மிளகும், தென்கடல் முத்தும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியுள்ளார். உல்கு கொண்டு புலிப்பொறி இட்ட பின்னரே பொதிகள் வெளியேறின. சிலம்போ இன்னொன்றையும் சொல்கிறது. வெள்ளிடை மன்றத்தில் உரியவர் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் பூட்டின்றிக் காவலின்றிக் கிடந்தனவாம். அவ்வெழுத்துக்குக் கண்ணெழுத்து என்று பெயர். படிக்கத் தெரியாதார் ஊரில் பொதிக்கு எழுத்தெதற்கு? மூட்டை தூக்குவோனும் எழுத்தறிந்த ஊர் அது!

கடல் கடந்தும் அவ்வெழுத்துச் சென்றது. எகித்து நாட்டுச் செங்கடற்கரையில், குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழில் கீறப்பட்டுள்ளது. தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் எடுத்த உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்றுள்ளது. அவை புகாரிலிருந்தே போயின என்று சொல்ல வரவில்லை. தமிழ் வணிகன் அயல்நாட்டுக் கரையிலும் தன் உடைமைமேல் தன் மொழியையே எழுதினான் என்பதே இங்கு வேண்டுவது.

அவன் வழிவந்த வணிகர் இன்று தம் சொந்த ஊர்க் கடைத்தெருவில் எழுதுவது என்ன? 'ஜுவல்லரி', 'பேக்கரி', 'ஃபேன்சி ஸ்டோர்ஸ்', 'சூப்பர் மார்க்கெட்'! எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். பெயர்ப்பலகையில் தமிழுக்கே முதலிடம் என்று அரசு விதி இருக்கிறது. எழுத்தை மட்டும் மாற்றி அவ்விதியை ஏய்க்கின்றனர். பொன்வணிகம், அடுமனை, பல்பொருள் அங்காடி என்றெழுதினால் வாங்க வருவோர் ஓடிவிடுவரோ? மாயூரம், மாயவரம் என்று வழங்கிய ஊர் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்றே. தொடர்வண்டி வழி தவறியதா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் கீழையூரில் தொடங்குங்கள். பின்னர்ப் பல்லவனீச்சரம், அதன்பின் கடற்கரையும் கலைக்கூடமும். அருகிலுள்ள திருவெண்காட்டுக் கோவிலைக் காட்டும்போது, சுவேதாரணியம் என்பது அப்பெயரின் வடமொழிப் பெயர்ப்பே என்று சொல்லுங்கள். பொழுதிருப்பின் தெற்கே தரங்கம்பாடி. தென்மார்க்கர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைவிட, 1706-இல் வந்திறங்கிய செருமானியர் சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழிலேயே நூல் அச்சிட்ட செய்தியை விரித்துரையுங்கள். மறுநாள் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தன் ஊர்க் கடைத்தெருவில் பத்துப் பெயர்ப்பலகைகளைப் படியெடுத்து வரச் செய்து, தமிழ்ச்சொல் எத்தனை, அயற்சொல் எத்தனை என்று கரும்பலகையில் கூட்டச் சொல்லுங்கள். சில பிள்ளைகளின் பட்டியலில் தம் தந்தையார் கடையும் இருக்கும். அதை அவர்களே வீட்டில் சொல்லட்டும்.