சிரைவழி மருந்தாணையும் மருந்தாளுநர் சரிபார்ப்பும்: ஒரு மறுப்பு

"மருத்துவர் எழுதுகிறார், செவிலியர் ஏற்றுகிறார்; இடையில் மருந்தாளுநருக்கு என்ன வேலை?" என்னும் வாதம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் மருத்துவமனை வட்டாரங்களில் பல்லாண்டுகளாக முடிந்த முடிவுபோல் ஒலித்துவருகிறது. வார்டுகளில் ஐ.வி. ஆர்டர் எனப்படும் சிரைவழி மருந்தாணை, அதாவது இரத்தக்குழாயில் நேரே செலுத்துவதற்கென்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும் உத்தரவு, மருந்தாளுநர் சரிபார்த்த பிறகே நிறைவேறவேண்டும் என்ற கோரிக்கையை வீண் சடங்கென்று தள்ளும் இவ்வாதத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை.

சட்டம் இதைக் கேட்கவில்லை என்பது தவறு. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே வழங்குவது நீங்கலாக, மருந்துச்சீட்டின்படி மருந்தைக் கலப்பதும் வழங்குவதும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணியென்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவில் கூறுகிறது. அளவுப் பிழை, ஒவ்வாமை, மருந்துகளின் மோதல் ஆகியவற்றை அவர் ஆராயவேண்டுமென்று 2015-ஆம் ஆண்டின் நடைமுறை விதிகள் கூறுகின்றன.

அவசரத்தில் தாமதமாகும் என்பது வெறும் பூச்சாண்டி. சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய நாடுகளிலும் உயிர்காக்கும் அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஆளில்லை என்பதும் பொருந்தாது. மருத்துவமனைப் பணிக்கெனவே ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு 2008 முதல் நாட்டில் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலிலேயே மருந்தியல் கல்லூரியும் இருக்கிறது.

"மருந்தும் டோஸும் சரியாக இருந்தால் போதாதா?" என்பதே இவ்வாதத்தின் உயிர்நிலை, அதுவே அதன் பெரும்பிழையும் ஆகும். எந்தத் திரவத்தில், எந்த வேகத்தில், எந்த மருந்தோடு என்பவையும் ஆணையின் பகுதிகளே. வலிப்புக்குத் தரும் பெனிடாயினைக் குளுக்கோஸ் பாட்டிலில் சேர்த்தால் அது படிகமாகப் பிரிந்துவிடும் என்பதால் சலைனில்தான் கலக்கவேண்டும். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசினோ சலைனில் திரிந்துவிடும் என்பதால் அதற்குக் குளுக்கோஸே வேண்டும். செப்ட்ரியாக்ஸோன், கால்சியம் கலந்த திரவத்தோடு சேர்ந்து படிவாகிப் பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்ததையடுத்து 2007-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அந்தக் கால்சியம் நம் வார்டுகளில் நாள்தோறும் தொங்கும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலிலும் இருக்கிறது. 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட், அதாவது இதயத் துடிப்பு கண்காணிக்கப்படாத வார்டில் பொதுவாக இரண்டு மணி நேரமாவது எடுத்து ஏற்றவேண்டிய அளவு, அடங்கியிருக்கிறது. தொங்கும் பாட்டிலில் அதைச் சேர்த்துக் குலுக்காமல் விட்டால், கனமான அக்கரைசல் அடியில் தேங்கி முதலில் இறங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். டோஸ் சரியாக இருந்தும் உயிர் போகும் இந்த இடத்தைத்தான் "இடையில் என்ன வேலை" என்போர் பார்க்க மறுக்கின்றனர்.

பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்களுடன் மருந்தாளுநரும் சுற்றி வந்தபோது, மருந்தெழுதும் பிழைகளால் நேர்ந்த, தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 66 விழுக்காடு குறைந்ததை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது என்பதால், பொட்டாசியம், பெனிடாயின் போன்ற ஆபத்தான மருந்துகளில் தொடங்கியேனும் இச்சரிபார்ப்பை நடைமுறைப்படுத்துவது இவ்விரு ஊர் மருத்துவமனைகளின் கடமையாகும்.