ஆசிரியரின் பலமும் அவரது உறக்கமும்



2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, நம் காவிரிப் படுகையில் ஆசிரியர் குடும்பங்கள் பலவற்றின் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையேல் பணியை விட வேண்டும். இத்தேர்வைக் கட்டாயமாக்கிய அறிவிக்கை வந்ததே 2010இல்தான். அதற்கு முன் முறையாக நியமனம் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்பதே வேதனை. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் நம் பங்கு மக்களுள் அரசுப் பள்ளிகளில் பணிபுரிவோர் எத்தனை பேர்!

"மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திடம் ஒருவருக்குள் மட்டும் இருந்தால் போதுமா?

பீட்டர்சன், செலிக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2004இல் மனிதரின் பண்பு பலங்களை இருபத்துநான்காக வகைப்படுத்தினர். பரிவு, விடாமுயற்சி, நகைச்சுவை, நன்றியுணர்வு, நம்பிக்கை போன்றவை அவை. தம் தனிச்சிறப்பான பலங்களில் நான்கையாவது பணியில் பயன்படுத்த முடிந்தவர்கள் மற்றவர்களைவிடத் தம் பணியை ஓர் அழைத்தலாக அதிகம் உணர்கின்றனர் என்று சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் எழுதினர். பலம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்த இடம் கிடைப்பது வேறு. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கொடைகளைப் பற்றிப் பேசும்போது, உடனேயே உடலையும் உறுப்புகளையும் பற்றிப் பேசுவது இதனால்தான் போலும்.

நம் பகுதி ஆசிரியரின் பலம் எது? நடவுக் காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீடு தேடிச் செல்வது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகளைச் சாய்த்துப்போட்ட பிறகு, வாழ்விழந்த குடும்பத்துப் பிள்ளைகளை மீண்டும் பாடத்தில் அமரவைத்த பொறுமை. 150 கொள்குறி வினாக்களில் இது அகப்படாது. அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தகுதியான ஆசிரியரைப் பெறுவது ஏழைப் பிள்ளையின் உரிமை. ஆனால் இருபது ஆண்டுகள் வகுப்பில் நின்றவரை அளக்கும் முறை, நேற்றுப் பட்டம் பெற்றவரை அளக்கும் முறையாகவே இருப்பது நியாயமாகத் தெரியவில்லை.

தேர்வுக்குப் படிக்க நேரமாவது உண்டா? வருகைப்பதிவு முதல் நலத்திட்டம் வரை எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்கும் ஆசிரியர் பலர் வீடுவீடாக அனுப்பப்பட்டனர். கற்பிக்கும் பலம் கொண்டவரைப் படிவம் நிரப்ப வைத்துவிட்டு, அவருக்கு இரத்த அழுத்தம் ஏன் என்று கேட்கிறோம்.

நம் பள்ளிகளிலும், குறிப்பாகச் சுயநிதிப் பிரிவுகளில், 'அழைத்தல்' என்ற சொல் குறைந்த ஊதியத்திற்குப் பதிலாகிவிடக் கூடாது. நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் ஆசிரியரிடமும் அவருக்கு எது நன்றாக வரும் என்று கேட்டு வேலையைப் பகிரட்டும்.

தேர்வெழுதுவோருக்குக் கணிதமும் ஆங்கிலமும் மறந்திருக்கும். பங்கிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பங்கு மன்றத்தின் கூடத்தைத் திறந்து வைக்கலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இளையோரும் முன்வந்தால், தாய்மாரான ஆசிரியைகளும் வர முடியும்.