சபையறியக் கொடுக்கட்டும் உள்ளாட்சி

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு, ரத்ததான முகாம், ஏரிக்கரையில் பனைவிதை நடுதல், படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களை வீடு தேடிப் பார்த்து வருதல். போளூரிலும், அதற்கு மேற்கே அத்திமூர் வழியாக ஏறிச் சேரும் ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலும் இப்படிப்பட்ட வேலைகளை எடுத்துச் செய்ய இளைஞர் மன்றமோ, மகளிர் குழுவோ, வாசகர் வட்டமோதான் முன்வர வேண்டும். செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு கடைத்தெருவுக்குப் போகலாம். கவுன்சிலர் வீட்டிலோ, ஒப்பந்ததாரரிடமோ, கட்சிப் பிரமுகரிடமோ காத்திருக்கலாம். இங்கே உள்ளாட்சியில் இருக்கும் ஆள் தருகிறார், உள்ளாட்சி தருவதில்லை. ஆள் தரும் பணத்துக்குக் கணக்குக் கிடையாது, நன்றிக்கடன் மட்டும் உண்டு. அந்தக் கடன் தேர்தல் நேரத்தில் வசூலாகிறது.

உள்ளாட்சி அமைப்பே தன்னார்வக் குழுக்களுக்கு நேரடியாக, விதிப்படி நிதியுதவி அளிக்கும் நடைமுறை பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் நம் கிராம ஊராட்சிக்கு இணையான பாரிஷ் மன்றங்கள், 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 137ஆவது பிரிவின்கீழ், வேறு அதிகாரம் இல்லாத பணிகளுக்கும் ஊர் நன்மை கருதிச் செலவு செய்யலாம். தொண்டு அமைப்புகளுக்கு நன்கொடையும் தரலாம். ஆனால் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அரசு ஆண்டுதோறும் வரம்பு வைக்கிறது. 2024-25இல் அது 10.81 பவுண்டு. குழு விண்ணப்பிக்கிறது, கணக்கைக் காட்டுகிறது, மன்றம் கூடி முடிவெடுக்கிறது. அந்தக் குழுவில் நேரடி நலன் உள்ள உறுப்பினர் அதை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் யார் கேட்டார், யாருக்குக் கிடைத்தது, ஏன் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

நம்மிடம் இதற்கான அடிப்படை இல்லாமலில்லை. 73ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 11ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் நூலகம், பண்பாட்டு நிகழ்வுகள், முறைசாராக் கல்வி, நலிந்த பிரிவினர் நலன் ஆகியவற்றையும் அடுக்குகிறது. பொருள்கள் தாளில் வந்தன. பணமோ நிபந்தனையோடே வந்தது. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கிராம ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்குமே உரியதாக இருந்தது. மிச்சம் தெருவிளக்கு, சாலை என்று கரைந்துவிட்டது.

மக்கள் குழுக்களும் உள்ளாட்சியும் கைகோக்கத் தமிழ்நாட்டில் இருக்கும் பெரிய வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் தொடங்கி, 2021-22இல் மீண்டும் உயிர்பெற்றது. பணிச் செலவில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். நல்ல திட்டம்தான். ஆனால் கையில் பணம் உள்ள ஊருக்கே அரசின் பணமும் வந்து சேர்கிறது. போளூர் கடைவீதியில் ஒரு வாரத்தில் திரளும் பங்குத்தொகையைச் சாமையும் புளியும் விற்று வாழும் மலைக் குடும்பங்கள் எத்தனை அறுவடைக்குப் பிறகு திரட்டும்? சலுகை பங்கைக் குறைக்கிறதே தவிர, பங்கு என்றால் ரொக்கம் என்ற எண்ணத்தை மாற்றவில்லை. மேலும், இத்திட்டம் பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் சொத்துக்கும் ஆனது. கட்டடம் எழும்பும், அதற்குள் மாலை வகுப்பு நடத்துபவருக்குச் சாக்பீஸ் வாங்க வழியிருக்காது.

மாற்றுவழி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் பி.என். பணிக்கர் முன்னெடுத்து 1945இல் உருவான நூலக இயக்கம், ஊர் மக்களே நடத்தும் நூலகங்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாநில நூலக மன்றம், உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரியைக் கொண்டு அந்த நூலகங்களுக்கு மானியம் தருகிறது. நூலகம் இயங்குகிறதா என்று ஆய்வு செய்து தரம் பிரிக்கிறார்கள்; தரத்துக்கேற்ப மானியம். வட்டம், மாவட்டம், மாநிலம் என மூன்றடுக்கிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இருக்கிறார்கள். கட்சி வாடை அங்கும் அடிக்கிறது. ஆனால், எந்த அளவுகோலால் மானியம் கிடைத்தது, எதனால் குறைந்தது என்று நூலகச் செயலாளர் கேட்க முடியும்.

தமிழ்நாட்டிலும் நூலக வரி உண்டு. சொத்து வரியோடு சேர்த்து 10 சதவீதம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பணத்தை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்கிறது. அது பெரும்பாலும் ஆணைக்குழு நடத்தும் நூலகங்களுக்கே செலவாகிறது. கேரளத்தில் ஊர் நூலகத்துக்கு அரசு பணம் தருகிறது; இங்கே 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்ந்து அரசு நூலகத்துக்கு ஊரார் பணம் தருகிறார்கள். கேரளம் நூலகத்தோடு நின்றுவிடவும் இல்லை. வலிதணிப்பு மருத்துவத்துக்கு 2008இல் அது வகுத்த கொள்கை, வீடு தேடிச் செல்லும் சேவையில் தொண்டர் குழுக்களையும் உள்ளாட்சிகளையும் ஒன்றாக இணைத்தது.

மலைக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கிராம சபைக்கு இரண்டு முக்கிய அதிகாரங்களைத் தருகிறது: திட்டப் பயனாளிகளைச் சபையே தேர்ந்தெடுக்கலாம், பணம் ஒழுங்காகச் செலவானது என்ற சான்றை ஊராட்சி சபையிடமே பெற வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தின் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்த அதிகாரம் எட்டவில்லை. போதாக்குறைக்கு, 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை போளூரும் ஜமுனாமரத்தூரும் அடங்கிய மாவட்டத்தின் ஊராட்சிகள் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில், உதவி கேட்கும் குழு கோப்பின் பின்னால்தான் அலைய வேண்டும்.

உள்ளாட்சிக்கு மானியம் வழங்கும் உரிமை தந்தால் தலைவரின் சாதிக்கும் கட்சிக்கும் பணம் போய்விடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் இன்றைக்கு மட்டும் அது வேறெங்கே போகிறது? மறைவில் போகும்போது தட்டிக்கேட்க வழியில்லை. சபையறியப் போனால் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மானியத் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 முதல் சொல்லி வருகிறது. புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சில யோசனைகள். போளூரின் நகர உள்ளாட்சி தன் வருவாயில் ஒரு சிறு பங்கைச் சமூகக் குழுக்களுக்கென ஒதுக்கட்டும். வீட்டு வரி வருவாய் சொற்பமான மலை ஊராட்சிகளுக்கு அந்தத் தொகையை மாநில அரசு தரட்டும். ஒரு குழுவுக்கு 25,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் போதும். சங்கப் பதிவுச் சான்று கேட்டால் மலைக்குழுக்கள் வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே வங்கிக் கணக்கும் குழுவின் தீர்மானமும் போதும் என்று வைக்கலாம். ரொக்கம் இல்லாத ஊரில் உடலுழைப்பையும் மக்கள் பங்காகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊராட்சிகளில் இதற்கான நாள்களையும் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாள் சபையில் விண்ணப்பங்களை வாசிக்கலாம்; ஜனவரி 26 சபையில் முடிவெடுக்கலாம்; அக்டோபர் 2 சபையில், பணம் பெற்ற குழுவே எழுந்து நின்று கணக்குச் சொல்லலாம். சொந்தக்காரர் நடத்தும் குழு என்றால் தலைவரும் உறுப்பினரும் அந்த விவாதத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். கணக்குச் சொல்லாத குழுவுக்கு மறுமுறை கிடையாது.

தனி அலுவலர்களின் காலத்திலும் கிராம சபைக்குத் தடையில்லை. போளூர், ஜமுனாமரத்தூர் வட்டாரக் குழுக்கள் இனி கவுன்சிலர் வீட்டுக்குப் போவதற்குமுன் ஒரு விண்ணப்பத்தை எழுதிச் சபையில் வைத்துத் தீர்மானம் கேட்க வேண்டும். மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தையும் தீர்மான ஏட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஊர்ப் பணத்தைக் கேட்பது யாசகம் அல்ல, உரிமை.